மகள் வீட்டு அமெரிக்க அடுப்படியில் களி கிண்டுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அம்மாக்கள் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் போனால், இறங்கிய வாரமே பிள்ளைகள் கேட்பது ராகிக் களிதான். காலையில் பாலில் போட்ட சீரியல், மத்தியானம் சாண்ட்விச், ராத்திரி ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சூடு பண்ணிச் சாப்பிடுவது என்று வருடக்கணக்காக ஓட்டியவர்களுக்கு, பாட்டி வீட்டில் களி உருண்டையில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட ஞாபகம் மட்டும் போவதில்லை. ஆனால் செய்யத் தெரியாது. செய்யத் தெரிந்த அம்மாவுக்கு அந்த அடுப்பு தெரியாது. ஊரில் நன்றாக வரும் களி அங்கே முதல் தடவை கட்டி கட்டியாகப் போவது அந்த அடுப்பால்தான். எதை எப்படி மாற்ற வேண்டும் என்று இங்கே சொல்கிறோம்.

புறப்படும் முன்

ராகி மாவுக்காகப் பெட்டியில் எடையை வீணாக்க வேண்டாம். இந்தியக் கடை இருக்கிற எந்த ஊரிலும் கிடைக்கும். கொள்ளு, துவரை, புளி எல்லாமே கிடைக்கும். அரிசியும் நொய்யும் (உடைந்த அரிசி) எடுத்துப் போகவே கூடாது. தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் தடை; எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் தொற்றி வரும். மாம்பழ சீசனில் கிளம்புகிறவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்று பெங்களூராவையோ மல்கோவாவையோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள், விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் அதிகாரி கேட்கும்போது "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்த பொருளுக்கு அபராதம் போடலாம்.

வீட்டு மிக்ஸியும் வேண்டாம். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. நம் மிக்ஸியை அங்கே மாட்டினால் மோட்டார் திணறிச் சுற்றும், அரைபடாது. "110 வோல்ட்" என்று போட்டு, அந்த ஊர் மின்சாரத்துக்கென்றே செய்த மிக்ஸி அங்குள்ள இந்தியக் கடைகளில் விற்கிறது.

களி கிண்டும் மரக்கோலான களிக்கோலை எடுத்துப் போக ஆசைப்பட்டால், பட்டை துளியும் இல்லாமல் இழைத்த, பூச்சித் துளை இல்லாத கோலாக இருக்கட்டும், அதையும் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. அங்கே பாத்திரக் கடையில் இரண்டு முனையும் ஒடுங்கிய, கைப்பிடி இல்லாத சப்பாத்திக் கட்டை கிடைக்கும். நீளமும் கனமும் களிக்கோலுக்குச் சரியாக இருக்கும்.

அடுப்பைப் புரிந்துகொள்வது

பல வீடுகளில் மேலே கறுப்புக் கண்ணாடி பதித்த மின்சார அடுப்புதான் இருக்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பி சிவந்து சிவந்து அணையும். குமிழைக் குறைத்தால் கேஸ் அடுப்பு மாதிரி தீ சிறுத்துவிடாது. கம்பி எரியும் நேரம்தான் குறையும். கண்ணாடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கொதிக்கிற பானையை "சிம்"மில் வைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது இன்னும் சில நிமிடம் தளதளவென்று கொதிக்கும். அடி பிடிப்பது அந்த நேரத்தில்தான்.

வழி எளிது. ஒரே களிக்கு இரண்டு அடுப்பைப் பயன்படுத்துங்கள். ஒன்றை முழுச் சூட்டில் வைத்து உலை கொதிக்கவிடுங்கள். குமிழில் 10 வரை எண் இருந்தால், பக்கத்து அடுப்பை 2-இல் வைத்து முன்கூட்டியே சூடாக்குங்கள். மாவு போட்டதும் பானையைத் தூக்கி அதில் வைத்துவிட்டால் சூடு சட்டென்று இறங்கும்.

பாத்திரம் அடி தட்டையாக, கனமாக இருக்க வேண்டும். உருண்டை அடிப் பாத்திரம் கண்ணாடியில் பொருந்தாது, நடுவில் மட்டும் சூடேறும். பானையை இழுக்காமல் தூக்கி வையுங்கள், இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். அடுப்பை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கண்ணாடி இன்னும் சுடுகிறது என்று அர்த்தம். பேரப்பிள்ளையை எட்ட நிறுத்துங்கள். வெல்லப்பாகு மட்டும் வழிந்துவிட்டால் ஆறும்வரை காத்திருக்கக் கூடாது. சர்க்கரை ஆறினால் கண்ணாடியோடு ஒட்டி, பெயர்க்கும்போது சில்லு பெயரும். சூடு இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு சுரண்டியால் தள்ளுங்கள்.

களி

அங்கே ஒரு கப் என்றால் சுமார் 240 மில்லி. நாலு பேருக்கு ராகி மாவு 2 கப், நொய் கால் கப், தண்ணீர் 5 கப், உப்பு ஒரு டீஸ்பூன். நொய் கிடைக்காவிட்டால் பச்சரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு எடுத்தால் போதும்.

தண்ணீர் கொதித்ததும் உப்பும் கழுவிய நொய்யும் போட்டு, நொய் மசியும்வரை வேகவிடுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். இப்போது ஒரு கப் கஞ்சித்தண்ணீரை மொண்டு தனியாக வைத்துவிடுங்கள். களியின் பதம் கடைசியில் இதை வைத்துத்தான் சரிசெய்யப்படும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெந்த மாவு சூடு இறங்கி வழவழப்பாகிவிடும்.

உலை நன்றாகப் பொங்கிக் கொதிக்கும்போது மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. கோலின் முனையால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு குழி போடுங்கள். குழி வழியாக நொய்க்கஞ்சி மேலே கொப்பளித்து மாவின்மேல் வழிய வேண்டும், உள்மாவு வேகிற வழி அதுதான். அரை மூடியாக மூடி, சூடு குறைந்த பக்கத்து அடுப்புக்கு மாற்றி எட்டு முதல் பத்து நிமிடம் விடுங்கள். குழியில் கொப்பளிப்பு நின்றுவிட்டால் குமிழை ஒரு எண் கூட்டுங்கள்.

அடுத்து கிண்டுவது. கண்ணாடி அடுப்பின்மேல் வைத்துக் கிண்டவே வேண்டாம். களி கிண்டும் அழுத்தத்தில் பானை நகரும், கண்ணாடியில் விரிசல் விழலாம். ஊரில் செய்வதுபோல் தரையில் இறக்கலாம் என்றால், அங்கே அடுப்படித் தரை பெரும்பாலும் மரமோ பிளாஸ்டிக் விரிப்போ. சுடுபானை நேராக உட்கார்ந்தால் வட்டமாகக் கருகிவிடும். தரையில் காய் நறுக்கும் மரப்பலகை, அதன்மேல் நாலாக மடித்த ஈரத் துண்டு, அதன்மேல் பானை என்று வையுங்கள். எதிரே மருமகனோ மகளோ உட்கார்ந்து கையுறை போட்டுக்கொண்டு பானையின் இரண்டு காதையும் பிடித்துக்கொள்ளட்டும். ஊரில் பானை நகராமல் இருக்கக் கவட்டை வடிவக் கவைக்கோலைப் போட்டு மிதித்துக்கொள்வோமே, அந்த வேலையை இங்கே அவர்கள் செய்கிறார்கள். தனியாக இருந்தால் காலியான எவர்சில்வர் சிங்க்கில் ஈரத் துண்டு விரித்து அதில் பானையை இறக்குங்கள். சுவர் நாலு பக்கமும் தாங்கும். உயரமும் மேடையைவிடத் தாழ்வாக இருப்பதால் தோள்பட்டை பலத்தில் அழுத்த முடியும்.

கோலைச் சுற்றினால் மட்டும் போதாது. மாவைப் பானையின் பக்கத்துச் சுவரில் வைத்து நசுக்கி இழுங்கள். வெள்ளையாக மாவுத்திட்டு எங்கே தெரிகிறதோ அதைத் தேடிப்போய் நசுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் பானையின் ஓரம் விட்டுத் திரண்டு வரும். இறுக்கமாக இருந்தால் எடுத்து வைத்த கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுங்கள். மறுபடி குறைந்த சூட்டில் மூடி நாலு நிமிடம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஈரத் தட்டில் போட்டு, நனைத்த கிண்ணத்தில் உருட்டி உருண்டை பிடியுங்கள்.

கட்டி விழுந்தால், மாவு போடும்போது உலை கொதி இறங்கியிருந்தது அல்லது குழி போடுவதற்குள் கிளறிவிட்டீர்கள். பச்சை வாடை அடித்தால் மூடி வைத்த நேரம் போதவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகும். உருண்டை வெடித்தால் தண்ணீர் குறைவு. ஒட்டினால் பெரும்பாலும் தண்ணீர் கூடியதால் அல்ல, வேகாததால். மாவு சேர்க்காதீர்கள், வேகவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள

கொள்ளு கடைசலுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. கீரைதான் ஏமாற்றும். சூப்பர்மார்க்கெட் ஸ்பினாச் தண்ணீர் விட்டு ஒன்றுமில்லாமல் போகும். சைனாக்காரர் கடையில் "யின் சோய்" என்று விற்பது நம் தண்டுக்கீரை வகைதான், கடைந்தால் அதே மாதிரி வரும். புளிச்சக்கீரையை இந்தியக் கடையில் கோங்குரா என்று தெலுங்குப் பெயரில் கேளுங்கள்.

தை மாதத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வேண்டும் என்றால், ஃப்ரீசர் பகுதியில் "சூர்த்தி பாப்டி லில்வா" என்ற பொட்டலத்தைத் தேடுங்கள். குஜராத்திகள் சாப்பிடும் அவரைக்கொட்டை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி போட்டால் தோல் ஊறித் தளர்ந்துவிடும். விரலில் பிதுக்கினால் பருப்பு துள்ளி வெளியே வரும்.

தாளிப்பும் கூரையில் இருக்கும் அலாரமும்

வீடு மரச்சட்டத்தில் கட்டியது. நெருப்புக்கு அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கூரையில் புகை அலாரம். காய்ந்த மிளகாய் கருகினால் அது கத்தும். பேட்டரியைக் கழற்றி வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

தாளிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுங்கள். அந்த விசிறி ஓடும்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அது புகையை வெளியே தள்ளவில்லை, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறது, ஜன்னலை நம்புங்கள். கடுகு வெடித்ததும் கரண்டியை இறக்கிவிட்டு, எண்ணெயில் இருக்கும் சூட்டிலேயே மிளகாயைப் போடுங்கள். அபார்ட்மெண்ட் வீடாக இருந்தால், புகை போகட்டும் என்று வாசற்கதவை மட்டும் திறக்காதீர்கள். புகை நடைபாதை அலாரத்தைத் தொட்டால் கட்டடம் முழுக்க மணி அடித்து, எல்லாரும் வெளியே இறங்க வேண்டி வரும்.

சிங்க்கும் பாத்திர மெஷினும்

சிங்க்கின் ஓட்டைக்குள் எச்சிலை அரைக்கும் மெஷின் இருக்கலாம். களி ஒட்டிய பானையை அதில் கழுவித் தள்ளாதீர்கள். ராகியும் சோறும் உப்பிக் குழாயை அடைக்கும், முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு நார் சுற்றிக்கொள்ளும், புளியங்கொட்டை சிக்கும். பானையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பெயர்ந்ததைக் குப்பையில் போடுங்கள். உள்ளே ஏதாவது விழுந்தால் கை விடக் கூடாது. மெஷின் உறுமாமல் நின்றுவிட்டால், அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஓடும்.

டிஷ்வாஷரில் கை கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றினால் நுரை தரையெல்லாம் பொங்கும். அதற்கென்று விற்கும் சோப்பு மட்டும்தான் போட வேண்டும். இரும்பு, பித்தளை, மரக்கோல் எதையும் அதில் வைக்காதீர்கள்.

மிஞ்சியதும் பங்கு போடுவதும்

பேரப்பிள்ளையின் பள்ளி டப்பாவில் நிலக்கடலை உருண்டையோ கடலைச் சட்னியோ வைக்கும் முன் மகளைக் கேளுங்கள். சில குழந்தைகளுக்குக் கடலை துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அதனால் பல பள்ளிகளில் அதற்கு அனுமதி இல்லை. பக்கத்து வீட்டார் கூடி ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குச் செய்தாலும், என்னென்ன போட்டிருக்கிறது என்று சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். களியை அங்கே வைப்பதாக இருந்தால் நெல்லிக்காய் அளவுக்குப் பிடித்து வையுங்கள். புதியவர்கள் மென்று பார்த்துவிட்டு ஒட்டுகிறது என்பார்கள். குழம்பில் புரட்டி வழுக்கவிட்டு விழுங்க வேண்டும் என்று முதலில் செய்து காட்டுங்கள்.

மிஞ்சிய களியை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகும். உருண்டை முங்கத் தண்ணீர் ஊற்றி, மூடி வெளியில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கரைத்து மோர் ஊற்றினால் கூழ் தயார். சின்ன வெங்காயத்துக்கு அங்கே ஷாலட் என்று பெயர். நம்முடையதைவிடப் பெரிது, ஒன்றை நாலாக நறுக்கிக்கொள்ளலாம்.