கனடாவுக்குப் பண்ணை வேலைக்கு வருகிறீர்களா?

முதலில் முகவர் விஷயம். கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவுடன் தொடங்கியது. இன்றும் அது மெக்சிகோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டுமே. அதில் இடம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பவே வேண்டாம். நம்மவர்கள் வருவது தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தின் விவசாயப் பிரிவில். ஆட்சேர்ப்புச் செலவை உங்கள் தலையில் கட்ட முதலாளிக்கு உரிமையில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேலையின் முதல் நாளுக்குள் உங்களிடம் வந்துவிட வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் முதலாளி உங்கள் கடவுச்சீட்டை வாங்கி வைப்பதும் குற்றம். "பத்திரமாக இருக்கட்டும்" என்றாலும் கொடுக்காதீர்கள்.

இனிக் கசப்பான பகுதி. ஒன்ராறியோவில் தொழிற்சாலை ஊழியருக்கு வாரம் 44 மணித்தியாலத்துக்குப் பிறகு ஒன்றரை மடங்கு சம்பளம். பண்ணைத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை நேர வரம்பும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வேலைக் காப்புறுதிக்குச் சம்பளத்தில் கழிப்பார்கள், ஆனால் பருவம் முடிந்து நாட்டைவிட்டுப் போனபின் வேலையில்லாக் கால உதவித்தொகை எடுக்க முடியாது. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு, வேலை அனுமதியில் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு முதலாளியின் பெயர். அவரோடு முறிந்தால் வேலையும் போகும், தங்கும் இடமும் போகும். அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை. 2023இல் கனடா வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாட்டா, நவீன அடிமைமுறைக்கு விளைநிலம் என்று இந்தத் திட்டத்தைச் சொன்னார். மிகையாகச் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு வாசல் 2019 ஜூனில் திறந்தது: துன்புறுத்தலுக்கு உள்ளாகும் தொழிலாளர்களுக்கான திறந்த வேலை அனுமதி. கட்டணம் இல்லை. கிடைத்தால் வேறு முதலாளியிடம் போகலாம். அடி உதை மட்டுமல்ல, பாலியல் தொல்லை, நாடு கடத்துவேன் என்ற மிரட்டல், சம்பளத்தைப் பிடித்து வைப்பது எல்லாமே இதில் அடங்கும். ஆனால் கையிலுள்ள அனுமதி காலாவதியாகும் முன்பே விண்ணப்பியுங்கள். பருவம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வாய்ப்பு நழுவிவிடும். அதிகாரி சான்று பார்ப்பார். தினமும் வேலை செய்த நேரத்தைச் சொந்தக் கொப்பியில் குறியுங்கள். சம்பளத் துண்டு, குறுஞ்செய்தி, படுக்கை அறையின் நிலை, எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள்.

காயம் பட்டால் வேலையில்தான் நடந்தது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் முறையிட, கனடா அரசின் சேவை அலுவலகமான சேவிஸ் கனடா: 1-866-602-9448. சம்பளப் பாக்கிக்கு ஒன்ராறியோ தொழில் அமைச்சிடம் 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.