புரதத்தைச் சவ்வு தாண்டி அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் லேபுக்குப் புதிதாக வந்த மாணவி மைக்ரோஸ்கோப்பைக் காட்டி, "மூணு மாசமா இப்படித்தான் சார் இருட்டா இருக்கு" என்றார். ஈ.கோலை பாக்டீரியாவின் பெரிபிளாசத்துக்கு, அதாவது இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடத்துக்கு, ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை அனுப்புவது அவருடைய வேலை. புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்ட் தெளிவாக இருக்கிறது, ஒளி மட்டும் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இதே இருட்டை ஏழு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ரீடிங் ஃப்ரேம் தப்பியது, ஸ்டாப் கோடானை எடுக்க மறந்தது போன்ற டி.என்.ஏ. பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அவை சீக்வென்ஸ் வந்ததும் தெரிந்துவிடும்.

புரதம் மடிந்த நிலையில் தாண்டுமா, மடியாத நிலையில் தாண்டுமா என்று கேட்காமல் தொடங்குவது

பாக்டீரியாவில் பெரும்பாலான புரதங்கள் வெளியேறுவது செக் என்ற கடத்தல் வழியாக. அதன் வாசல் மிகக் குறுகியது. ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல் புரதச் சங்கிலி நீட்டிய வாக்கில்தான் நுழைய முடியும். அதுவரை அது மடிந்துவிடாமல் செக்பி என்ற துணைப் புரதம் பிடித்து வைத்திருக்கும், செக்ஏ என்ற இன்னொரு புரதம் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து அந்தப் பக்கம் தள்ளும். சாதாரண ஜி.எஃப்.பி. இப்படிப் போனால் பெரிபிளாசத்தில் சரியாக மடிவதில்லை, அதனால் ஒளிர்வதும் இல்லை. இது 2000-லேயே அச்சில் வந்துவிட்ட விஷயம்.

எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்ல, புரதத்தின் முன்னால் ஒட்டும் சிறு துண்டுதான் சிக்னல். நான் போட்டிருந்தது பெல்பி சிக்னல், அது செக் வழிக்கு உரியது. எனக்கு அது உறைக்கவில்லை. வெப்பநிலையை 37-லிருந்து 30, அப்புறம் 18 டிகிரிக்கு இறக்கினேன், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யைக் குறைத்தேன், ஃபில்டரை மாற்றினேன், ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன், சிக்னலை மட்டும் தொடவே இல்லை. கடைசியில் குளோரோபிளாஸ்டில் வேலை செய்த ஒரு அக்காதான் கேட்டார்: "உன் புரதம் வாசலைத் தாண்டும்போது மடிஞ்சிருக்கணுமா, கூடாதா?"

அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதற்குக் காரணம் உண்டு. குளோரோபிளாஸ்டுக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்விலும் பாக்டீரியாவிலும் டாட் என்று இன்னொரு வழி இருக்கிறது, அது முழுதாக மடிந்த புரதத்தையே கடத்தும். அடுத்தடுத்து இரண்டு ஆர்ஜினின் அமினோ அமிலங்கள் உள்ள சிக்னல்தான் அதற்கு அடையாளம். டாட் வழியில் போகும் டார்ஏ புரதத்தின் சிக்னலை ஒட்டியதும் செல்லின் ஓரத்தில் பச்சை வளையம் வந்தது. இன்றைக்கு செக் வழியிலேயே சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி புரதத்தைப் பயன்படுத்தலாம், அல்லது டிஎஸ்பிஏ என்ற பெரிபிளாசப் புரதத்தின் சிக்னலோடு, நன்றாக மடியும் சூப்பர்ஃபோல்டர் ஜி.எஃப்.பி. போடலாம்.

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல், ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ.வான வெக்டரின் வரைபடத்தில் "சிக்னல் பெப்டைடு" என்று எழுதிவிட்டு எந்த வழி என்று எழுதாமல் விடுவது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் என் ஏழு மாதமும் அந்தப் பெண்ணின் மூன்று மாதமும் மிஞ்சியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் டாட் வழியில் தள்ளிவிடாதீர்கள். டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்பு வேண்டிய ஆன்டிபாடித் துண்டு, செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் சரியாக மடியாது, மடியாததை டாட் ஏற்காது. அதற்கு செக்தான் சரி, அந்தப் பக்கம் டிஎஸ்பிஏ பிணைப்பைப் போட்டுக்கொடுக்கும்.

ஈ.கோலையின் பழக்கத்தை எல்லா உயிர்களுக்கும் ஏற்றுவது

உப்பு விரும்பும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் சுரக்கும் புரதங்களில் பெரும்பாலானவை டாட் வழியில்தான் போகின்றன. பாலூட்டி செல்லில் ரைபோசோம் புரதத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போதே சங்கிலி பெரும்பாலும் செக்61 என்ற வாசல் வழியே ஈ.ஆர். என்ற சவ்வு அறைக்குள் இறங்கிவிடும்; ஈஸ்டிலோ கட்டி முடித்த பிறகு நுழைகிறவையும் கணிசம். மைட்டோகாண்ட்ரியா மடிந்ததை உள்ளே விடாது. 1986-ல் ஈலர்ஸும் ஷாட்ஸும் டி.ஹெச்.எஃப்.ஆர். புரதத்தின் முன்னால் மைட்டோகாண்ட்ரியா சிக்னலை ஒட்டி, அதோடு ஒட்டிக்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மருந்தால் அதை இறுக்கி மடித்து வைத்தபோது அது வாசலிலேயே நின்றுவிட்டது. பெராக்ஸிசோம் என்ற செல் உறுப்பு நேர்மாறு, மடிந்தது மட்டுமல்ல, பல புரதங்கள் சேர்ந்த தொகுப்பையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெராக்ஸிசோம் புரதத்தின் சி-முனையில் டேக்

டேக் என்பது அடையாளத்துக்காகவோ பிரித்தெடுக்கவோ ஒட்டும் துண்டு, சி-முனை என்பது சங்கிலியின் கடைசி முனை. பெரும்பாலானவற்றுக்கு முகவரியே அங்கேதான் இருக்கிறது. மறைக்காதீர்கள்.

சிக்னலுக்கு முன்னால் ஹிஸ்-டேக்

சிக்னலை வெட்டும்போது டேக்கும் போய்விடும்.

கண்ட்ரோல் இல்லாத ஆஸ்மாடிக் ஷாக்

ஆஸ்மாடிக் ஷாக் என்பது வெளிச்சவ்வை மட்டும் திறந்து பெரிபிளாசத்தில் இருப்பதை வெளியே எடுக்கும் முறை. அப்படி எடுத்த பெரிபிளாச மாதிரியில் பீட்டா-கேலக்டோசிடேஸையும் கட்டாயம் சோதியுங்கள். அது சைட்டோபிளாசத்தை விட்டு வராத புரதம். அந்தக் குழாயில் அது கணிசமாகத் தென்பட்டால் உங்கள் செல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், புரதம் சவ்வைத் தாண்டியது என்று நோட்டில் எழுதாதீர்கள்.