குன்னூர் துர்க்கம், கோயில், மார்க்கெட்: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வெட்டர், குடை, நல்ல ஷூ, தலைசுற்றலுக்கு மாத்திரை பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. மலைக்குக் கிளம்புகிறவருக்கு வீட்டிலேயே யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். குன்னூருக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் பிழைப்பு. துர்க்கத்துக் கோட்டை, தந்தி மாரியம்மன் கோயில், அதை ஒட்டிய பழைய மார்க்கெட் மூன்றையும் ஒரே நாளில் நிதானமாகவே பார்த்துவிடலாம். ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த கோளாறுகளையே ஒவ்வொரு சீசனிலும் யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்துச் செய்கிறார்.

கோட்டையைப் பிற்பகலுக்குத் தள்ளுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். காசும் அதிகம் போவது இதில்தான்.

திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும். ஊட்டியில் ரூம். காலை டிபன் ரூம் வாடகையிலேயே சேர்த்தி என்பதால் அதை விட மனசு வராது, கிளம்பும்போது ஒன்பதரை. குன்னூர் வர ஒரு மணி நேரம், சீசனில் இன்னும் கூட. சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்ஃபின்ஸ் நோஸ், மதியச் சாப்பாடு. "அப்புறம் சாயங்காலமா கோட்டையைப் பார்த்துட்டு இறங்கிடலாம்."

துர்க்கம் நிற்பது சமவெளியைப் பார்த்த விளிம்பில். வெயில் ஏற ஏற, கீழே மேட்டுப்பாளையம் பக்கம் சூடாகும் காற்று ஈரத்தோடு சரிவைப் பிடித்து மேலே வரும். உயரம் கூடக்கூடக் குளிர்ந்து மேகமாகும். விடிந்ததும் பவானி ஆற்றைக் கோடு போட்டதுபோல் காட்டிய அதே இடம், பல நாட்களில் உச்சிப்பொழுதுக்கு முன்பே மூடிக்கொள்ளும். மூடினால் அன்றைக்கு மறுபடி திறக்கும் என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான்சச் எஸ்டேட் பக்கம் வண்டியை விட்டு இறங்கும்போதே மணி மூன்றாகப் போகிறது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே சில கிலோமீட்டர் ஏற்றம், நடைதான். மேலே போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குடும்பத் தலைவர் ஒரு கல்லில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "கோட்டை இன்னும் எவ்வளவு தூரம்ணே?" என்றார். அவர் சாய்ந்திருந்ததே கோட்டை மதில்.

கதை அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். திரும்பும் வழியில் பாதையை மறித்துக் காட்டெருமைக் கூட்டம். பொழுது சாயும் நேரத்தில் தேயிலைக் காட்டுக்குள் அவை மேய இறங்குவது குன்னூரில் வழக்கம்தான். அவை நகரும்வரை நாங்களும் நகர முடியாது. இருட்டிவிட்டது. பையனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. டாக்சிக்கு வெயிட்டிங் சார்ஜ், கீழே பிடிக்க வேண்டிய ரயில் போயிற்று, அந்த டிக்கெட் காசும் போயிற்று. கோயிலும் மார்க்கெட்டும் அவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போயின.

இத்தனைக்கும் தலைகீழாக மாற்றினால் போதும். முந்தைய இரவு குன்னூரிலேயே தங்குங்கள். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வெயில் உறைப்பதற்குள் மேலே போய், பத்து மணி வாக்கில் இறங்கத் தொடங்குங்கள். சாப்பிட்டு ஓய்வெடுத்தால் மார்க்கெட்டுக்குப் பிற்பகல் இருக்கிறது. கோயில் நடையும் மத்தியானம் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். மூடுபனி வந்தால் மார்க்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. டிபனைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

மலை ரயிலில் வந்த அன்றே கோட்டைக்கு ஓடுவது

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் ரயில் குன்னூர் வரப் பத்தரை ஆகிவிடும். 1899இல் திறந்த பாதை. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறும் சரிவில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற வண்டி. அவசரப்படாது. அன்றைக்கு ஊரைப் பாருங்கள், கோட்டை மறுநாள்.

ஊட்டி வானிலையைப் பார்த்து முடிவெடுப்பது

பக்கத்து ஊர்தானே என்று நினைக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதில் மிச்சம்தான் வரும். எங்களுக்கு மழை அக்டோபர், நவம்பரில். ஜூலையில் டிவியைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்கிறவரே தீபாவளி லீவுக்குக் குழந்தை குட்டியோடு வந்து நிற்கிறார். 2009 நவம்பரில் நிலச்சரிவு எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் வருவதானால் ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

செஞ்சிக் கோட்டை மாதிரி எதிர்பார்ப்பது

இருப்பது இடிந்த மதிலும் கற்களும்தான். பக்காசுரன் மலை என்று ஊர்க்காரர்கள் சொல்கிற இந்த உச்சி, திப்பு சுல்தான் காலத்தில் காவல் நின்று கீழே பார்க்கிற இடமாக இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகுதான் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819இல். ஆக, ரீல்ஸில் வருகிற "பிரிட்டிஷ் கோட்டை" என்ற தலைப்பைத் தள்ளிவிடுங்கள்.

வெள்ளைக்காரன் கட்டியதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். 1831இல் வழிபாட்டுக்குத் திறந்தது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த மரங்கள். துர்க்கத்தில் மதிலைத் தொட்டுவிட்டு அங்கே போய் அண்ணாந்து பார்த்தால், அதே மனிதரின் வீட்டு மரம் தலைக்கு மேல் இருக்கும். இதைச் சொன்னால் யாரும் கவனிப்பதில்லை. சுரங்கப்பாதை எங்கே என்று கேட்கிறார்கள்.

காட்டெருமையோடு செல்ஃபி

வேண்டாம்.

விசாரிக்காமல் கிளம்புவது

வழி எஸ்டேட்டுக்குள் போகிறது. யானை நடமாட்டம் இருந்தாலோ, காட்டுத்தீ பயம் இருந்தாலோ விடமாட்டார்கள். முதல் நாளே குன்னூரில் கேட்டுவிடுங்கள்.

தேர் நாளில் காரோடு கோயிலுக்கு வருவது

ஏப்ரலில் தந்தி மாரியம்மன் தேர்த்திருவிழா. நடந்து வாருங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், இ-பாஸ்

பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, பிடித்தால் அபராதம். கோட்டைப் பாதையில் கடை கிடையாது, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கிற இ-பாஸ் 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் வேண்டும். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

வர்க்கியை முதலில் வாங்குவது

2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லாரும் ஊட்டி வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டைக் கேட்கிறார்கள். காலையிலேயே வாங்கி, காகிதப் பையில் கோட்டைவரை சுமந்து, மூடுபனியில் நமுத்துப்போனபின் "குன்னூர் வர்க்கி சரியில்லை" என்று சொன்னவரை எனக்குத் தெரியும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். ஒன்றைக் கடித்துப் பார்த்து, மொறுமொறுவென்று இருந்தால் மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தேயிலைத்தூளையும் வியூபாயின்ட் வாசலில் வாங்காமல் மார்க்கெட்டிலேயே வாங்குங்கள். கடைக்காரர் எந்தத் தூள் எத்தனை கொதிக்கு நிற்கும் என்றுகூடச் சொல்வார். வாங்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் அவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.