கோரைக்குள் மறையும் பறவைகள்: பெங்களூரு ஏரிகளில் காண்பதும் படமெடுப்பதும்

பெங்களூரு ஏரிக்கரைகளில் காலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் நடுவே மிதக்கும் நாமக்கோழிகளையும், பட்ட மரத்தில் சிறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகங்களையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அதே ஏரியின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கோரைக்குள் கொக்கினத்தைச் சேர்ந்த மஞ்சள் குருகும், காணான்கோழியும், நாணல் கதிர்க்குருவியும் நாள் முழுவதும் நடமாடுகின்றன. அவற்றைப் படமெடுக்க விரும்பித் தொடங்குபவர்கள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கோரை ஓரமாக நடந்துகொண்டே தேடுகிறார்கள். நானும் முதல் இரண்டு பருவங்களை அப்படித்தான் கழித்தேன். கோரைப் பறவையை நாம் தேடிச் செல்லக் கூடாது; அது வெளியே வரக்கூடிய ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து, அது வருவதற்கு முன்பே அங்கே போய் அமர்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்கான வழிகளே.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் சம்பங்கோரை என்றும் கன்னடத்தில் ஜொண்டு என்றும் சொல்லப்படும் செடி, ஆழம் குறைந்த, வண்டல் படிந்த நீரில்தான் செழிக்கிறது. ஏரியின் கரைப்பக்கம் ஆழமாகவும், அதற்கு எதிரே ராஜகாலுவே எனப்படும் பெரிய நீர்வரத்துக் கால்வாய் வந்து சேரும் பக்கம் ஆழம் குறைந்தும் இருப்பதால், பெரும்பாலான பெங்களூரு ஏரிகளில் கோரைக்காடு நீர் வரும் பக்கத்திலேயே அமைந்திருக்கும். ஆகவே நடைபாதையின் அழகான பகுதியை விட்டுவிட்டு நேரே அந்த மூலைக்குச் செல்லுங்கள். ஜக்கூர் ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர், கோரை வளர்ந்த சதுப்பு ஒன்றின் வழியாக வடிந்த பிறகே ஏரிக்குள் வருகிறது. மழை நின்ற பின்னும் நீர் வந்துகொண்டிருப்பதால் அங்கே கோரை எளிதில் வறண்டுவிடுவதில்லை. ஜக்கூரின் உபரிநீர் போய்ச் சேரும் ராச்சேனஹள்ளி, மேம்பாலத்தை ஒட்டிய ஹெப்பாள், எலஹங்காப் பக்கத்துப் புட்டேனஹள்ளி ஆகியவையும் பார்க்கத்தக்கவை. ஜே.பி. நகர்ப் பக்கம் இன்னொரு புட்டேனஹள்ளி இருப்பதால், வண்டி பிடிக்கும்போது எந்தப் புட்டேனஹள்ளி என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழர்கள் நெருங்கி வாழும் அல்சூரின் ஏரி எனக்கு மிகவும் பிரியமானது. ஆனால் அதன் கரை கல் கட்டப்பட்டது என்பதால், இந்தப் பறவைகளுக்காக அங்கே போவதில் பயனில்லை.

கோரைக்காட்டைக் கண்டபின் இடைவெளியைத் தேட வேண்டும். மூன்று வகை இடங்கள் பலன் தரும். கோரையின் அடியும் நீரும் சேரும் இடத்தில் தெரியும் ஒரு சாண் அகலச் சேற்றுப் பட்டை முதலாவது. கோரைக்குள் நீர் ஓடிப் பிளந்த சிறு வாய்க்கால் இரண்டாவது. அதைக் கடக்கும் பறவை ஓரிரு நொடிகளாவது வெளிப்பட்டே ஆக வேண்டும். பழுத்துச் சாய்ந்து நீர்மேல் படுத்திருக்கும் தண்டுகள் மூன்றாவது. குருகுகள் அவற்றின்மேல் நின்றபடி மீனுக்குக் காத்திருக்கும். மாட்டுக்குப் புல்லறுக்க வருபவர்கள் வெட்டிவிட்ட திட்டுகளும் இத்தகைய இடைவெளிகளே. அவர்களிடம் பேசுவது வெட்டியாகப் போவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெரியவர், நான் மூன்று வாரமாகத் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்தச் சின்னக் கோழி இந்தப் பக்கம் வராது, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அந்தக் குழாய் வாய்க்கிட்ட போய் உக்காருங்க” என்றார். மறுநாளே செம்மார்புக் காணான்கோழியை அங்கே கண்டேன்.

இடைவெளிகளின் நிலை மாதத்துக்கு மாதம் மாறும். பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள் என்பதால், அப்போது நீர் கோரையின் இடுப்பு வரை நிற்கும். சேற்றுப் பட்டை மூழ்கிக் கிடக்கும். காணான்கோழிகளும் உள்ளான்களும் கண்ணில் படுவது அரிது. அந்த நாள்களில் குருகுகளிலும், கோரை உச்சியில் ஏறி ஒலிக்கும் கதிர்க்குருவிகளிலும் கவனம் வைக்கலாம். டிசம்பர் முதல் நீர் மெல்ல இறங்கத் தொடங்கியதும் சேறு வெளிப்படுகிறது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள பத்து வாரங்களே காணான்கோழிகளுக்கு உரிய காலம் என்பது என் கணிப்பு. வலசை வருபவற்றில் பிளித் நாணல் கதிர்க்குருவி செப்டம்பரிலேயே வந்துவிடும். சேற்றுப் பூனைப்பருந்தும் மஞ்சள் வாலாட்டிகளும் அதைத் தொடர்ந்து வரும். நீலத்தொண்டைக் குருவியை நவம்பருக்குப் பிறகு எதிர்பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட ஏரியில் எந்தப் பறவை எந்த வாரத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டவற்றைப் பதிவிடும் ஈபேர்ட் (eBird) தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் குறையும்.

கோரைக்காட்டில் கண்ணைவிடக் காதே முதலில் வேலை செய்கிறது. புறப்படுவதற்கு முன் வீட்டில் அமர்ந்து ஆறேழு ஒலிகளையாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெரிய நாணல் கதிர்க்குருவி ‘கர்ர கர்ர கரீத்’ என்று கரகரத்த குரலில் உரக்க ஒலிக்கும். பிளித் நாணல் கதிர்க்குருவியோ ‘செக்… செக்…’ என்று இடைவெளி விட்டு ஒற்றை ஒலியை மட்டும் எழுப்பும். சாம்பல் கதிர்க்குருவி பறந்தெழும்போது சிறு மின்பொறி வெடிப்பது போன்ற ஒலி கேட்கும். செம்மார்புக் காணான்கோழியின் குரல் உயர்ந்து தொடங்கி நடுக்கத்துடன் இறங்கிவரும் கனைப்பு. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், ஏனெனில் முக்குளிப்பானின் குரலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கோரைக்குள் கனைப்பு கேட்டால், அருகே திறந்த நீரில் முக்குளிப்பான் மிதக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இன்னொரு உதவி மேலிருந்து வருகிறது. சேற்றுப் பூனைப்பருந்து கோரை உச்சியை உரசுவது போலத் தாழப் பறந்து செல்லும்போது, கீழே ஒளிந்திருப்பவை எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், சில பதறி எழுந்து வேறிடத்தில் இறங்கும். அந்த அரை நிமிடத்தில் கேமராவைத் தொடாமல், எந்தத் திட்டிலிருந்து என்ன எழுந்தது என்பதை மட்டும் கவனித்தால் அன்றைய நாளுக்குரிய வரைபடம் கைக்கு வந்துவிடும்.

ஏரிகள் பலவற்றின் வாயில் காலையும் மாலையும் சில மணி நேரமே திறந்திருக்கும். பெரிய கேமராவுக்கு அனுமதி தேவையா என்பதை முந்தைய நாளே காவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அக்டோபர் நடுவில் சூரியன் ஏறக்குறைய 6:10 மணிக்கும், ஜனவரியில் 6:45 மணிக்கும் உதிக்கிறது. உதயத்துக்கு முன்பே இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். நாம் நடந்து வந்து அமரும்போது கோரை அடங்கிவிடும். அது மீண்டும் இயல்புக்கு வர இருபது நிமிடமாவது ஆகும் என்பதால், பத்து நிமிடத்தில் இடம் மாற்றுபவர் எந்த இடத்திலும் எதையும் காண்பதில்லை. வெயில் முதுகுப்பக்கம் இருக்குமாறு காலையில் கிழக்கே அமர்ந்து மேற்கு நோக்குவது பொதுவிதி. பனிக்காலத்தில் சூரியன் சற்றுத் தெற்கே விலகி எழுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்து கோரை முழுவதும் அசையத் தொடங்கினால், பறவையின் அசைவைப் பிரித்தறிவது கடினம். அதோடு நீரின்மேல் வெப்ப அலை எழுந்து தொலைவுப் படங்களைக் குழப்பிவிடும். அப்போது மூட்டை கட்டிவிட்டு மாலை நான்கு மணிக்கு மேற்குக் கரைக்கு வருவதே சரி.

குருகுகளைக் காண, அசைவைத் தேடாமல் வடிவத்தைத் தேட வேண்டும். மஞ்சள் குருகு ஏறத்தாழ 38 செ.மீ. நீளமுள்ளது. ஆள் இருப்பதை உணர்ந்தால் அலகை வானை நோக்கி நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, ஒரு கோரைத் தண்டாகவே மாறி நின்றுவிடும். காற்றில் கோரை ஆடினால் தானும் சேர்ந்து ஆடும். ஆகவே இருநோக்கியை (பைனாகுலரை) வைத்து ஒரு திட்டின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாக, நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே உள்ள பகுதியை மட்டும் வருடிப் பாருங்கள். பறக்கும்போது மஞ்சள் குருகின் சிறகு நுனியும் பின்விளிம்பும் கறுப்பாகவும் மீதிப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் தெரியும். செங்குருகின் சிறகு முழுவதும் ஒரே செம்பழுப்பு. பனிக்காலத்தில் கீற்றுகளுடன் பழுப்பாக நிற்கும் குருட்டுக்கொக்கைக் குருகென்று நினைத்துப் படமெடுப்பவர்கள் பலர். அது எழுந்ததும் வெள்ளைச் சிறகு வெளிப்பட்டு ஐயம் தீர்ந்துவிடும்.

காணான்கோழி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் காண முடியாத கோழி என்றே பொருள்கொள்ளத் தோன்றுகிறது. செம்மார்புக் காணான்கோழி சுமார் 22 செ.மீ., சின்னக் காணான்கோழி அதைவிடவும் சிறியது. பக்கவாட்டில் ஒடுங்கிய உடலமைப்பால் இரண்டு தண்டுகளுக்கு நடுவே எளிதாக நுழைந்துவிடும். இவை ஒரே சேற்றுப் பட்டையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரை தேடும் பழக்கம் கொண்டவை என்பது நமக்குக் கிடைத்த பேறு: இன்று 6:50 மணிக்கு ஓரிடத்தில் கண்டால் நாளையும் மறுநாளும் அந்த நேரத்தில் அங்கேயே அமருங்கள். கதிர்க்குருவிகளைப் பொறுத்தவரை, பெயரில் நாணல் இருந்தாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி பனிக்காலத்தில் கரையோரப் புதர்களிலும் உண்ணிச்செடியிலுமே மிகுதியாகக் கிடைக்கும். கோரைக்குள்ளேயே ஏறி இறங்குவதும், நீண்ட அலகுடன் 19 செ.மீ. அளவில் இருப்பதும் பெரும்பாலும் பெரிய நாணல் கதிர்க்குருவி. நீலத்தொண்டைக் குருவி கோரையடியிலிருந்து தரையில் ஓடிவந்து நின்று வாலை உயர்த்தும். வாலின் அடியில் இருபுறமும் தெரியும் செம்பழுப்புத் திட்டு, முதுகுப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடும்.

கேமராவில் 400 முதல் 600 மி.மீ. வரையிலான லென்ஸ் போதும். கோரையில் மிகப் பெரிய இடர் ஃபோகஸ்தான்: கண்ணைத் தானாகக் கண்டறியும் வசதி உள்ள புதிய கேமராக்களும் முன்னால் நிற்கும் தண்டைப் பிடித்துக்கொண்டு பறவையை விட்டுவிடுகின்றன. ஆகவே ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மிகச் சிறிய அளவில் வைத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்திலேயே இடைவெளியின் தொலைவுக்கு ஃபோகஸ் செய்து வைத்துவிடுங்கள்; பறவை வந்ததும் சிறு திருத்தம் மட்டுமே தேவைப்படும். லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை முழுவதும் திறந்து வைத்தால் முன்னிற்கும் தண்டு மங்கலான பச்சையாகக் கரைந்துவிடும். அது போதாதபோது ஒரு கையளவு இடமோ வலமோ நகர்ந்தாலே வழி திறக்கும். அமர்ந்திருக்கும் குருகுக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும், ஓயாமல் தலையசைத்து நடக்கும் காணான்கோழிக்கு 1/800, பறப்பதற்கு 1/2000. விடியலில் இதற்கு, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவில் 3200 வரையும் அதற்கு மேலும் போக நேரிடும். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைப் பின்னர் ஓரளவு சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தைச் சரிசெய்ய இயலாது. வானொளி மின்னும் நீரின்மேல் கருத்த காணான்கோழி நின்றால் படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +0.7 அளவு உயர்த்த வேண்டும். இருண்ட கோரைக்கு முன் வெளிர்மஞ்சள் குருகு நின்றால் −0.7 வரை குறைக்க வேண்டும். கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுக்கும் படத்தில் சேறுதான் தெரியும். தரையில் அமர்ந்து, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையின்மேல் லென்ஸை வைத்து எடுத்தால் பறவையின் கண்மட்டத்துக்கு ஓரளவு இறங்கிவிடலாம். ஏசி ஓடிய காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸின்மேல் நீர் படியும் என்பதால், பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பறவை, இல்லாத போட்டியாளனை விரட்டுவதற்காகத் தன் காலைப்பொழுதை இழக்கிறது. ஒரே ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பேர் வந்து பத்து முறை ஒலிக்கவிட்டால் அதன் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பார்வையை மறைக்கிறதென்று கோரையை ஒடிப்பதும் தவறு. ஒடிந்த இடம் பருந்துக்கும் நாய்க்கும் வழி காட்டுகிறது. பருவம் தப்பிக் கூடு ஏதேனும் கண்டால் உடனே விலகிவிட வேண்டும். காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலாகவே கருதுகிறது. நம் பாதுகாப்பும் முக்கியம். கழிவுநீர் வண்டல் மேலே இறுகியும் கீழே குழைந்தும் இருப்பதால் கோரைக்குள் கால் வைக்கவே கூடாது. கரையோரப் புல்லில் கண்ணாடி விரியன் கிடக்கக்கூடும் என்பதால் கணுக்கால் மூடிய காலணியும், அமர்வதற்கு முன் கோலால் புல்லைத் தட்டிப் பார்க்கும் வழக்கமும் தேவை. தெருநாய்கள் கூடும் ஏரிகளுக்கு விடியலில் தனியே போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

படம் கிடைத்தவுடன் எழுந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பறவை வெளியே நிற்கும்போது நாம் எழுந்தால், அந்த இடைவெளி ஆபத்தானது என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த சில நாள்களுக்கு அங்கே வருவதைத் தவிர்க்கவும் கூடும். அது இரை தேடி முடித்துத் தானாகக் கோரைக்குள் திரும்பும் வரை அசையாமல் இருங்கள். அது உள்ளே நுழைந்த தண்டுகளையும் அப்போதைய நேரத்தையும் நீர்மட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு ஐந்து நிமிடம் கழித்து, வந்த வழியிலேயே குனிந்தபடி பின்வாங்குங்கள்.