நியூயார்க்கில் வீட்டு வாசல் பனி: எப்போது அள்ளுவது, எங்கே குவிப்பது

நியூயார்க் நகரத்தில் நடைபாதை ஊருக்குப் பொது. ஆனால் அதில் விழும் பனியை அள்ள வேண்டியது அதை ஒட்டிய மனைக்காரர் பொறுப்பு. குடியிருப்பவர், கடை நடத்துபவர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் என எல்லாரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. காலி மனைக்கும் விலக்கில்லை. வாடகை ஒப்பந்தத்திலேயே யார் அள்ளுவது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கெடு, பனி நின்றதிலிருந்து 4 மணி நேரம். இரவு 9 முதல் காலை 7 வரை கணக்கில் வராது. பகல் 1 மணிக்கு நின்றால் மாலை 5-க்குள் முடிக்க வேண்டும். மாலை 6-க்கு நின்றால் அன்று 3 மணி நேரம், மறுநாள் 1 மணி நேரம், ஆக காலை 8 வரை. நள்ளிரவில் நின்றால் காலை 11. தவறினால் அபராதம் 100 டாலரில் தொடங்கி, திரும்பத் திரும்ப நடந்தால் 350 வரை போகும்.

கெடு இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். பொழியும்போதே ஐந்தாறு அங்குலத்துக்கு ஒருமுறை தள்ளிவிடுவது நல்லது. 25 அடி முகப்பு, 4 அடி அகலப் பாதை, 6 அங்குலப் புதுப்பனி என்றால் ஏறக்குறைய 140 கிலோ. ஈரப்பனி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் கனக்கும். தூக்கி வீசாமல் தள்ளிக்கொண்டே போங்கள். இதய நோய் உள்ளவர்கள் ஆள் வைத்து அள்ளுவதே சரி. நாலு பேர் மிதித்த பிறகு வேலை இரட்டிப்பாகும்: காலடி பட்ட இடமெல்லாம் இறுகி, கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் உள்ள பனி வழித்தவுடன் போய்விடும், செருப்புத் தடம் மட்டும் மேடாக நிற்கும்.

பாதை 4 அடி அகலமாவது இருக்கட்டும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போக வேண்டுமே. தெருமுனை வீடு என்றால் சாலையில் இறங்கும் சாய்தளத்தையும் திறந்துவிடுங்கள். பனி வாரும் லாரி வந்துபோனால் அந்த இடம் மறுபடி அடைபடும், மறுபடி அள்ளத்தான் வேண்டும். தீயணைப்புக் குழாயைச் சுற்றிலும் காலியாக வையுங்கள்.

அள்ளியதைச் சாலையில் கொட்டுவது குற்றம். சுவரோரம் குவிக்கலாம், ஆனால் சாலையோர விளிம்பே மேல். நடைபாதை சாலைப் பக்கம் சரிந்திருப்பதால், சுவரோரக் குவியல் பகலில் உருகிப் பாதையின் குறுக்கே ஓடி, இரவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாக உறையும். வழுக்கி விழுவது பெரும்பாலும் அதில்தான். விளிம்புக் குவியலில் வடிகாலுக்கு நேராக ஓர் இடைவெளி விடுங்கள்.

உப்பு, பனியை வழித்த பிறகுதான். ஒரு காபி கோப்பை பாறை உப்பு நடைபாதையின் பத்துக் கான்கிரீட் கட்டங்களுக்குப் போதும். மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது வேலை செய்யாது. கால்சியம் குளோரைடு வாங்குங்கள். போட்டு ஓராண்டு ஆகாத கான்கிரீட்டில் உப்பு வேண்டாம், மேல்பரப்பு செதில் செதிலாக உரியும், மணல் தூவுங்கள். உப்புக் கலந்த பனியை மரத்தடியில் கொட்டாதீர்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது, அது அப்படியே உறையும். பெயர்க்க முடியாதபடி இறுகிவிட்டால், அதே கெடுவுக்குள் மணல், சாம்பல் அல்லது மரத்தூள் தூவச் சட்டம் இடம் தருகிறது. குளிர் குறைந்ததும் சுத்தம் செய்துவிட வேண்டும்.

யாராவது விழுந்து அடிபட்டால்? 2003 முதல் பெரும்பாலான கட்டடங்களுக்கு இழப்பீட்டுப் பொறுப்பு உரிமையாளர் மேல்தான். உரிமையாளரும் குடியிருக்கிற, வீடாக மட்டுமே பயன்படுகிற, மூன்று குடும்பம் வரையிலான கட்டடத்துக்கு இதில் விலக்கு உண்டு. அள்ளும் கடமையில் அவர்களுக்கும் விலக்கில்லை. அரைகுறையாக அள்ளி வழுக்கலைக் கூட்டினால் வழக்கும் வரலாம்.

அள்ளி முடித்ததும் நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். பொழுது சாயும்போது ஒருமுறை வெளியே வந்து, உருகிய நீர் தேங்கும் பள்ளங்களில் மட்டும் ஒரு பிடி உப்பு தூவுங்கள்.