பத்தாயிரம் முறை சுண்டிய நாணயம்: விகிதத்துக்கான கருதுகோள் சோதனையும் நம்பிக்கை இடைவெளியும்

1940-ல் ஜெர்மன் படைகள் டென்மார்க்கில் நுழைந்தபோது, தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்துவந்த ஜான் கெரிச் அங்கே மாட்டிக்கொண்டார். அந்த நாட்டின் ஜட்லாண்ட் பகுதியில் ஒரு முகாமில் அடைத்துவைத்தார்கள். கையில் நேரம் ஏராளம். சக கைதி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, பூவா தலையா என்று ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 முறை.

பாதியைவிட 67 கூடுதல். நாணயத்தில் கோளாறா, இல்லை தற்செயலா? விகிதம் பற்றிய கேள்விகள் எல்லாமே ஏறக்குறைய இந்த வடிவில்தான் வரும். வாக்காளர்களில் எத்தனை சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குக் குணம், தயாரித்த பல்புகளில் எத்தனை பழுது என எதைக் கேட்டாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை இரண்டு வாக்கியமாக்குங்கள்

இன்மைக் கருதுகோள்: தலை விழும் உண்மையான விகிதம் 0.5.
மாற்றுக் கருதுகோள்: அது 0.5 அல்ல.

"உண்மையான விகிதம்" என்பது 10,000 முறையில் வந்தது அல்ல. அதே நாணயத்தை முடிவே இல்லாமல் சுண்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்குமோ, அது. நம் கையில் இருப்பது மாதிரி விகிதம், அதாவது 0.5067 மட்டும்.

மாற்றுக் கருதுகோளில் "0.5-ஐ விட அதிகம்" என்று எழுதலாமே என்று தோன்றும். தலை கூடுதலாக விழுந்ததைப் பார்த்துவிட்டு அப்படி எழுதினால் அது அழுகுணி ஆட்டம். தரவு வருவதற்கு முன்பே ஒரு பக்கம்தான் முக்கியம் என்று முடிவு செய்திருந்தால் மட்டும் ஒருபக்கச் சோதனை செய்யலாம். படி 4-ல் வரும் பி-மதிப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளை நிராகரிப்பது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக 0.05.

படி 2: இந்தச் சோதனை பொருந்துமா?

ஒரு முறை விழுந்தது அடுத்த முறையைப் பாதிக்கக் கூடாது. இன்மைக் கருதுகோள்படி எதிர்பார்க்கும் தலையும் பூவும் தலா 10-ஆவது இருக்க வேண்டும். இங்கே தலா 5,000, கவலையே இல்லை.

படி 3: திட்டப் பிழையும் இசட் மதிப்பும்

நேர்மையான நாணயத்தையே 10,000 முறை சுண்டினாலும் சரியாக 5,000 தலை விழாது. விகிதம் சற்று முன்னே பின்னே ஆடும். அந்த ஆட்டத்தின் வழக்கமான அளவுதான் திட்டப் பிழை:

√(0.5 × 0.5 ÷ 10,000) = 0.005

நமக்கு வந்த விலகல் 0.0067. அதைத் திட்டப் பிழையால் வகுத்தால்:

இசட் = 0.0067 ÷ 0.005 = 1.34

படி 4: பி-மதிப்பு

இயல்நிலைப் பரவல் (மணி வடிவ வளைவு) அட்டவணையில் 1.34-க்கு நேரே 0.9099 இருக்கும். எக்ஸெல்லில் நார்ம்.எஸ்.டிஸ்ட் ஃபங்ஷனும் இதையே தரும். ஒன்றிலிருந்து கழித்தால் 0.0901. இரண்டு பக்கமும் பார்க்கிறோம் என்பதால் இரட்டித்தால் சுமார் 0.18.

இதற்கு அர்த்தம்: நாணயம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டால், இப்படி 10,000 முறை சுண்டும் சோதனையை 100 பேர் செய்தால், சுமார் 18 பேருக்கு இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகல் வரும். அபூர்வம் ஒன்றும் இல்லை. 0.18 என்பது 0.05-ஐ விடப் பெரியது, ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்கவில்லை.

"நாணயம் நேர்மையாக இருக்க 18% வாய்ப்பு" என்று மட்டும் படித்துவிடாதீர்கள். நேர்மையானது என்று எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கையே தொடங்கினோம். அதே கணக்கு அதன் நேர்மைக்கு வாய்ப்பு சொல்ல முடியாது. நாணயம் நேர்மையானது என்று நிரூபணமாகிவிட்டதாகவும் அர்த்தம் இல்லை.

படி 5: நம்பிக்கை இடைவெளி

என்னைக் கேட்டால் சோதனையைவிட இதுதான் பயனுள்ளது. சோதனை ஆம், இல்லை என்பதோடு நின்றுவிடும். இடைவெளியோ எந்தெந்த விகிதங்கள் இந்தத் தரவோடு ஒத்துப்போகும் என்று காட்டும். வழக்கமாகப் போடுவது 95% இடைவெளி. கீழே வரும் 1.96, இயல்நிலைப் பரவலில் அந்த 95%-க்கு உரிய எண்.

மாதிரி விகிதம் ± 1.96 × √(மாதிரி விகிதம் × (1 − மாதிரி விகிதம்) ÷ எண்ணிக்கை)

வர்க்கமூலத்துக்குள் இப்போது 0.5 இல்லை, 0.5067 வந்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சோதனையில் ஒரு மதிப்பை உண்மை என்று எடுத்துக்கொண்டோம், அதனால் அதையே போட்டோம். இங்கே அப்படி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் கையில் இருப்பதைப் போடுகிறோம்.

கெரிச்சின் பதிவில் இடைக்கால எண்ணிக்கைகளும் இருக்கின்றன. மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள்:

100-ல் 44 தலை: 34.3% முதல் 53.7% வரை
1,000-ல் 502 தலை: 47.1% முதல் 53.3% வரை
10,000-ல் 5,067 தலை: 49.7% முதல் 51.6% வரை

மூன்றிலுமே 50% உள்ளே இருக்கிறது. சோதனையைக் கேட்டால் மூன்று முறையும் "நிராகரிக்கவில்லை" என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆனால் முதல் 100-ஐ மட்டும் பார்த்தவருக்கு 40% தலை விழும் மோசமான நாணயம்கூட சாத்தியம்தான். பத்தாயிரத்தில் அந்தச் சந்தேகம் போய்விட்டது. 51% என்றால் மட்டும் இன்னும் தள்ள முடியாது. எண்ணிக்கை பத்து மடங்கானால் அகலம் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். வர்க்கமூலம் செய்யும் வேலை அது.

95% என்பது இந்த முறைக்கான உத்தரவாதம். இப்படி 100 மாதிரிகள் எடுத்து 100 இடைவெளிகள் போட்டால் ஏறக்குறைய 95 இடைவெளிகளுக்குள் உண்மை விகிதம் இருக்கும். நம் ஒரு இடைவெளி அந்த 95-ல் ஒன்றா, மீதி 5-ல் ஒன்றா என்று சொல்ல வழியில்லை.

இரண்டு விகிதங்களை ஒப்பிடும்போது

1954-ல் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசியைப் பரிசோதித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் போலி ஊசி என்பதைத் தற்செயல் முறையில் முடிவு செய்தார்கள். தடுப்பூசி போட்ட 2,00,745 பேரில் 33 பேருக்குப் பக்கவாதப் போலியோ. போலி ஊசி போட்ட 2,01,229 பேரில் 115 பேருக்கு.

இன்மைக் கருதுகோள்: இரு விகிதமும் ஒன்றே. ஒன்றே என்றால் இரு குழுவையும் சேர்த்து ஒரே விகிதம் போடலாம்: 148 ÷ 4,01,974 = 0.000368. திட்டப் பிழை:

√(0.000368 × 0.999632 × (1 ÷ 2,00,745 + 1 ÷ 2,01,229)) = 0.0000605

விகிதங்களின் வித்தியாசம் 0.000407. இசட் 6.7. பி-மதிப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே. தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இடைவெளிக்குப் போகும்போது இரு விகிதங்களையும் தனித்தனியாகவே வைத்து, ஒவ்வொன்றின் விகிதம் × (1 − விகிதம்) ÷ எண்ணிக்கையைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 29 முதல் 53 நோய்கள் வரை குறைந்தன என்று வரும்.

சின்ன மாதிரியில் கவனம்

20 பல்பில் ஒன்றுகூடப் பழுதில்லை என்றால் மேலே சொன்ன சூத்திரம் "0% முதல் 0% வரை" என்று கூச்சமில்லாமல் பதில் சொல்லும். இருபதைப் பார்த்துவிட்டு அப்படிச் சத்தியம் செய்ய முடியுமா? பூஜ்யம் வந்தால் 3-ஐ எண்ணிக்கையால் வகுத்து மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், இங்கே 15%. மற்றபடி சின்ன மாதிரிகளுக்கு 1927-ல் எட்வின் வில்சன் என்ற அறிஞர் தந்த இடைவெளி நல்லது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ப்ராப்.டெஸ்ட் கட்டளை தானாகவே வில்சன் முறையைத்தான் பயன்படுத்துகிறது, கூடவே ஒரு தொடர்ச்சித் திருத்தமும் (எண்ணிக்கையின் விலகலில் அரையைக் கழிப்பது) செய்கிறது. அதில் கெரிச்சின் எண்களைப் போட்டால் பி-மதிப்பு 0.1835 என்று வரும். நம் 0.1802-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் திருத்தத்தால்தான். அதை அணைத்துவிட்டு ஓட்டினால் நம் விடையே வரும்.