பேலட் மரத்தில் வீட்டு மரச்சாமான்: வேலை கெடுவது எங்கே

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர், ஓசூர் போன்ற தொழிற்பகுதிகளை ஒட்டிய பழைய மரக்கடைகளில் பேலட்டுகள், அதாவது சரக்கை ஏற்றி நகர்த்துவதற்கான மரத் தட்டுகள், அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்க்கலாம். இயந்திரங்களைச் சுமந்து கப்பலில் வந்த பைன் மரப் பேலட்டுகளும், உள்ளூரில் ரப்பர் மரத்திலோ பெயர் தெரியாத காட்டுமரத்திலோ அடிக்கப்பட்டவையும் அங்கே கலந்தே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது என்று இந்த மரத்தில் கட்டிலும் மேசையும் சோபாவும் செய்யத் தொடங்குகிறவர்கள் இப்போது பலர். செய்தவற்றுள் கணிசமானவை ஓராண்டுக்குள் ஆட்டம் காண்கின்றன, வெடிக்கின்றன அல்லது உளுத்துப்போகின்றன. தச்சுத் திறமை போதாததால்தான் இப்படி ஆகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். என் கணிப்பில், மரத்தை வாங்கிய நாளுக்கும் அதில் முதல் அறுப்புப் போடும் நாளுக்கும் இடையே செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யாமல் விடுவதே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

முத்திரையைப் பார்க்காமல் வாங்குவது ஒரு தவறு. முத்திரையைப் பார்த்துவிட்டு, அது சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. நாடு விட்டு நாடு செல்லும் மரப் பொதிகளின் வழியே பூச்சிகள் பரவாமல் தடுப்பதற்காக, சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் விதிமுறை ஏற்கப்பட்டது. அதன்படி பதப்படுத்தப்பட்ட பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் அடையாளமும், இரண்டெழுத்து நாட்டுக் குறியும், தயாரிப்பாளருக்குரிய எண்ணும், பதப்படுத்திய முறையைக் காட்டும் எழுத்துகளும் சூட்டுமுத்திரையாகவோ மையாலோ பொறிக்கப்பட்டிருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து எட்டும்படி சூடாக்கப்பட்டது என்று பொருள். டி.எச். என்பது மின்காந்த அலைகளால் சூடாக்கும் முறை. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு செலுத்தப்பட்டது என்று பொருள். அந்தப் பேலட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஓசோன் படலத்தை அரிக்கும் இந்த நச்சு வாயுவின் பொதுப் பயன்பாட்டை மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சரக்குகளின் பூச்சித்தடுப்புப் பணிக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் எம்.பி. முத்திரை இன்றும் கண்ணில் படலாம். வாயு பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும் என்று வாதிடுவோர் உண்டு. எச்.டி. மரம் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த விவாதத்துக்கே தேவை இல்லை என்பது என் எண்ணம்.

எச்.டி. முத்திரை பூச்சியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மரம் காய்ந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. அரை மணி நேரச் சூட்டில் பூச்சி சாகும், ஈரம் முழுவதும் போகாது. அந்தப் பேலட்டின் மேல் பிற்பாடு என்ன கொட்டியது, எத்தனை மழையில் அது நனைந்தது என்பவையும் முத்திரையில் இருக்காது. முத்திரையே இல்லாத பேலட் உள்நாட்டுக்குள் மட்டும் சுழன்றதாக இருக்கலாம். அதனாலேயே அது நச்சுடையது என்றோ பாதுகாப்பானது என்றோ முடிவுகட்ட முடியாது. அத்தகைய மரத்தை அதன் பூர்வீகம் தெரிந்தால் மட்டும் எடுங்கள். எண்ணெய்க் கறை, நிறம் மாறிய திட்டு, கருமை பூத்த பூஞ்சை, மூக்கைத் துளைக்கும் நெடி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஆசையைக் கைவிடுவதே நல்லது. மரம் நீர்மங்களை ஆழமாக உறிஞ்சும். மேல்தோலை நீக்குவதால் உள்ளே போனது வெளியே வராது.

நெடியைச் சாதாரணமாக எண்ணக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் டைலெனால் என்னும் வலிநிவாரணி உள்ளிட்ட பல மருந்துகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மருந்துப் புட்டிகளில் பூசணம் பிடித்தது போன்ற நாற்றம் அடிக்கிறது என்றும், சிலருக்குக் குமட்டலும் வயிற்று வலியும் வந்தன என்றும் புகார்கள் எழுந்திருந்தன. பொட்டலப் பொருள்களை ஏற்றி வைத்திருந்த மரப் பேலட்டுகளுக்குப் பூசிய ஒரு வேதிப்பொருள் சிதைந்து உருவான டிரைபுரோமோஅனிசோல் என்னும் சேர்மமே அந்த நாற்றத்துக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. புட்டிக்குள் ஊடுருவிய நெடி, படுக்கையறையில் வைக்கும் கட்டிலின் தலைப்பலகையிலிருந்து மட்டும் எழாமலா இருக்கும்? வாங்கும் இடத்திலேயே பலகைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் காய்கறி நறுக்கும் பலகை, குழந்தைத் தொட்டில், கைக்குழந்தை வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைப் பேலட் மரத்தில் செய்ய வேண்டாம். நீலமோ சிவப்போ முழுமையாகப் பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகைக்குச் சுழல்பவை, அவற்றை விடும் நிறுவனத்தின் உடைமை. கிடங்கு வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தாலும் அவை கழிவு அல்ல.

அடுத்த பெரிய சேதம் பிரிக்கும்போது நிகழ்கிறது. பேலட் ஆணிகள் வழவழப்பானவை அல்ல. முறுக்கும் வரியும் கொண்ட அந்த ஆணிகள் ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்பி வரக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டவை. ஐரோப்பியத் தரப் பேலட் ஒன்றில் 11 பலகைகளும் 9 கட்டைகளும் 78 ஆணிகளும் இருக்கின்றன. பலகையின் நுனியில் கடப்பாறையை நுழைத்து ஓங்கி நெம்பினால் ஆணி அசையாது. ஆணியைச் சுற்றியுள்ள மரம் நார் ஓட்டத்தோடு பிளந்து, பலகையின் இரு முனைகளும் வீணாகும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே மரஆப்பு ஒன்றைத் தட்டி விரலிடை அளவு வாய் திறந்துகொண்டு, இரும்பு வெட்டும் அலகு பூட்டிய ரெசிப்ரோ ரம்பத்தால் (அலகு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம்) ஆணிகளையே அறுத்துவிடுவதுதான் பலகையைக் காப்பாற்றும் வழி. அந்த ரம்பம் இல்லாதவர்கள், ஆணி வரிசைகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதியை மட்டும் வட்ட ரம்பத்தால் அறுத்தெடுக்கலாம். நீளம் குறையும், ஆனால் கிடைக்கும் துண்டு முழுமையாக இருக்கும். சிறிய முக்காலிக்கும் செருப்பு அடுக்குக்கும் அந்த நீளமே போதும்.

அறுத்தபின் பலகைக்குள் தங்கும் ஆணித்துண்டுகளை மறப்பவர்கள் இழைப்பு இயந்திரத்தின் அலகைப் பலிகொடுக்கிறார்கள். சில மில்களில் பழைய மரம் என்றதுமே இழைக்க மறுப்பது இதனால்தான். பேலட் ஆணி எஃகு என்பதால் வலுவான காந்தம் ஒன்றைப் பலகையின் இருபுறமும் மெதுவாக நகர்த்தினால், மரத்துக்குள் புதைந்திருக்கும் துண்டும் காந்தத்தை இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, மெல்லிய உளிமுனையால் சுரண்டி, தட்டி வெளியேற்றிய பிறகே பலகையை இழைக்கக் கொடுக்க வேண்டும்.

பிரித்து முடித்த அன்றே செய்யத் தொடங்கிவிடும் அவசரத்தைத்தான் நான் எல்லாத் தவறுகளுக்கும் தாயாகக் கருதுகிறேன். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும். அதற்கேற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் ஏற்படும் மாற்றமோ பொருட்படுத்தத் தக்கதல்ல. வெளியில் கிடந்த பேலட்டில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். சென்னை போன்ற கடற்கரை நகரில் வீட்டுக்குள் மரம் ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காட்டில் நிலைகொள்ளும். நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் அறையில் அதற்கும் கீழே இறங்கும். பைன் மரத்தில் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலம் தோராயமாகக் கால் விழுக்காடு சுருங்கும் என்று கொண்டால், 600 மில்லிமீட்டர் அகலமுள்ள மேசைப்பரப்பு நான்கு விழுக்காடு ஈரத்தை இழக்கும்போது 6 மில்லிமீட்டர் சுருங்க முயலும். அதை அடியிலுள்ள சட்டத்தோடு ஒட்டுப்பசையும் திருகாணியும் போட்டு அசையாமல் பிணைத்திருந்தால், சுருங்க இடமில்லாத பலகை எங்காவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். கார்த்திகை மழையில் செய்த மேசை சித்திரையில் பிளப்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

ஆகவே பலகைகளைத் தரையில் படாமல் நிழலில் அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை ஒன்றின் நேர்மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் பாரம் ஏற்றிச் சில வாரங்கள் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைப்பது விரைவான வழியாகத் தோன்றும். ஆனால் ஒருபுறம் மட்டும் சடுதியில் காயும் பலகை கிண்ணமாகக் குழிந்துவிடும். ஈரமானி விலை அதிகமில்லாத கருவி. அது இல்லாவிட்டால் ஒரு பலகையைச் சில நாள்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் அந்த இடத்தின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அறியலாம். கடைசிச் சில நாள்கள், சாமான் இருக்கப்போகும் அறையிலேயே பலகைகளை வைத்திருப்பது இன்னும் நல்லது. மேசைப்பரப்பைச் சட்டத்தோடு இணைக்கும் திருகாணிகளுக்கு வட்டத் துளைக்கு மாறாக அகலவாக்கில் நீண்ட துளை போட்டால், பலகை நகர்ந்துகொள்ள வழி கிடைக்கும். ஒரே பரப்பில் பைனையும் ரப்பர் மரத்தையும் கலந்து ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும். நிற வேறுபாடு அழகுதான், ஆனால் அதை ஒட்டாத இடைவெளிப் பலகைகளில் காட்டிக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் ஒரு வேடிக்கையான பிழை அடிக்கடி நிகழ்கிறது. இரண்டு பேலட்டுகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மெத்தை போட்டுச் சோபா என்கிறார்கள். ஐரோப்பியத் தரப் பேலட்டின் உயரம் 144 மில்லிமீட்டர். இரண்டு சேர்ந்தால் 288, மெத்தையோடு உயரம் ஓரளவு சரியாகவே வரும். இடிப்பது ஆழம். பேலட்டின் குறுகிய பக்கமே 800 மில்லிமீட்டர். உட்காருவதற்கு வேண்டிய ஆழம் 500 முதல் 550 தான். முதுகைச் சாய்த்தால் கால் அந்தரத்தில் தொங்கும், காலை ஊன்றினால் முதுகுக்கு ஆதரவு இருக்காது. வீட்டிலுள்ள முதியவர்கள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டார்கள். ஆழத்தை அறுத்துக் குறையுங்கள்; இல்லையேல் முதுகுப்பக்கம் கனமான திண்டு வைத்து இடத்தை நிரப்புங்கள்.

புத்தக அடுக்கில் நேர்வது வேறு விதமான ஏமாற்றம். ஒன்றரை டன் தாங்கும் பேலட்டின் பலகை புத்தகத்தைத் தாங்காதா என்று கேட்பவர்கள், அந்த வலிமை முழுக் கட்டமைப்புக்கு உரியது என்பதைக் கவனிப்பதில்லை. பேலட்டில் 22 மில்லிமீட்டர் கனமுள்ள மேற்பலகைக்குச் சுமார் அரை மீட்டருக்கு ஒருமுறை அடியில் தாங்கல் இருக்கிறது. தாங்கல்களின் இடைவெளி இரட்டிப்பானால், நடுவில் வைக்கும் அதே எடைக்குத் தொய்வு எட்டு மடங்காகும்; இடைவெளி முழுவதும் புத்தகம் நிரம்பினால் எடையும் கூடித் தொய்வு பதினாறு மடங்கை எட்டும். அதோடு, மாதக் கணக்கில் பாரம் சுமக்கும் மரம் மெல்ல மெல்ல மேலும் தொய்ந்துகொண்டே போகும். 600 மில்லிமீட்டருக்குள் தாங்கல் கொடுப்பதும், அடுக்கின் பின்புறத்தில் முதுகுப்பலகையோ குறுக்குச் சட்டமோ அடித்துப் பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவதும் போதுமானவை.

இணைப்பில் சொல்ல வேண்டியவை சில. காய்ந்த பேலட் பலகையில் துளையிடாமல் திருகாணியை ஏற்றினால் முனை பிளக்கும். 4 மில்லிமீட்டர் திருகாணிக்குப் பைனில் இரண்டரை, ரப்பர் மரத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை முன்கூட்டியே வேண்டும். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணி கடினமானது, ஆனால் வளையாமல் முறியும் இயல்புடையது. ஆள் உட்காரும் சாமானில் அதற்கு இடமில்லை. வெயிலில் சாம்பல் நிறமான மேற்பரப்பில் ஒட்டுப்பசை பிடிக்காது. ஒட்டும் முகங்களையாவது இழைப்புளியால் புதிதாக்கிக்கொண்டு, பசை காயும்வரை கிளாம்ப் போட்டு இறுக்கி வைக்க வேண்டும்.

உப்புத்தாள் தேய்க்கும் முன் பலகையைக் கழுவிக் காயவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பழைய அழுக்கெல்லாம் தூசாகி நுரையீரலுக்குப் போகும். மரத்தூளே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால் என்-95 முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180 என்று படிப்படியாகப் போங்கள். விளிம்புகளை உருட்டிவிடுங்கள், சிராய் ஏறுவது பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான். பைன் மரத்தின் கணுக்களில் உள்ள பிசின் வெள்ளைப் பெயின்ட்டையும் தாண்டி மஞ்சளாகக் கசியும் என்பதால் கணுக்கள்மீது முதலில் அரக்கு பூசி அடைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. காயும் எண்ணெய் வெப்பத்தை வெளியிடுவதால் அந்தத் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துத் திறந்தவெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

பூச்சுக்கு முன், வெறும் மரமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய இன்னொன்று பூச்சித்தடுப்பு. எச்.டி. சூடு அப்போது உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது. நாளை வரும் பூச்சியை அது தடுக்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் உளுவண்டுக்கு அது விருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைக் கையுறை அணிந்து எல்லா முகங்களிலும், குறிப்பாக அறுத்த முனைகளில், நன்றாக ஊறும்படி பூசி, முழுவதும் காய்ந்தபின் வார்னிஷ் அடிக்கலாம். இந்த உப்பு நீரில் கரைந்துவிடும் என்பதால் மழையில் நனையும் மொட்டைமாடிச் சாமான்களுக்கு இது பயன்படாது. அறைக்குள் வைத்த சாமானின் அடியிலும் முதல் ஓராண்டு அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகளும் அவற்றின் கீழே புதிதாகக் கொட்டிய மெல்லிய தூளும் தெரிந்தால், அந்தச் சாமானை வீட்டிலுள்ள மற்ற மரப்பொருள்களிடமிருந்து அன்றைக்கே பிரித்து வையுங்கள்.